75-ஆ, 90-ஆ? பழைய சின்ன டீசல் கார் வாங்கப் போகிறவருக்கு

மும்பையில் பழைய சின்ன டீசல் கார் தேடிப் போனால், பெரும்பாலும் ஒரே இன்ஜினைத்தான் வேறு வேறு பெயர்களில் பார்ப்பீர்கள். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், பலேனோ, எர்டிகா, பிரெஸ்ஸா, டாடா இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஜெஸ்ட், போல்ட், ஃபியட் புன்டோ, லீனியா ஆகியவற்றின் டீசல் மாடல்களில் பெரும்பாலும் பானெட்டுக்குக் கீழே இருப்பது ஃபியட்டின் 1,248 சிசி டீசல்தான். ஃபியட் அதை மல்டிஜெட் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது, மாருதி டிடிஐஎஸ் என்றது. 2003-இல் போலந்தில் தயாரிப்பு தொடங்கிய இந்த இன்ஜின், 2005-இல் தன் அளவுப் பிரிவில் உலகின் சிறந்த இன்ஜின் விருதை வாங்கியது. 2007 ஜனவரியில் ஸ்விஃப்டில் வந்த பிறகு நம் ஊர்ச் சாலைகளில் அது நிரம்பிவிட்டது. பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே கைவிட்டதால், இன்று சந்தையில் கிடைப்பவை எல்லாம் அதற்கு முந்தைய வண்டிகள்.

ஒரே அளவு இன்ஜின் இத்தனை கம்பெனிகளுக்குப் பொருந்தியதற்கு வரி ஒரு முக்கியக் காரணம். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,500 சிசிக்குள் டீசல் இன்ஜினும் உள்ள காருக்குக் கலால் வரி குறைந்தது. 1,248 சிசி அந்தக் கூரைக்குக் கீழே வசதியாக உட்கார்ந்தது. பவர் கூட வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்காமல், அதே இன்ஜினில் வேறு டர்போவைப் பொருத்தி, டீசல் தெளிப்பைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை மாற்றி எடுத்தார்கள். அப்படித்தான் ஒரே இன்ஜின் 75 பி.எஸ். (குதிரைத்திறன்), 90 பி.எஸ். என்று இரண்டு ரகமாகப் பிரிந்தது. விஸ்டாவில் குவாட்ராஜெட் 75-ம் உண்டு, 2013-இல் வந்த டி90-ம் உண்டு. ஜெஸ்டில் அடிப்படை மாடல் 75, மேல் மாடல்கள் 90. புன்டோவில் 76-ம் 93-ம். மாருதி ஹேட்ச்பேக்குகளில் 75 மட்டுமே; நான்கு மீட்டருக்குள் மாருதியின் 90 வேண்டுமென்றால் பிரெஸ்ஸாவுக்குப் போக வேண்டும்.

விற்கிறவர் உடனே சொல்வது, “இது 90 சார், பிக்கப் பிரமாதமா இருக்கும்” என்பதுதான். அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

75 பி.எஸ்., 90 பி.எஸ். என்பவை இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போது கிடைக்கும் பவர். அதற்குக் கீழே எவ்வளவு கிடைக்கும் என்பதை டார்க், அதாவது சுழற்று விசை எண் சொல்லும். ஸ்விஃப்டின் 75-க்கு 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க். மாருதியின் 90-க்கு 1,750-இலேயே 200. பவர் 20 சதவீதம் கூடியிருக்க, டார்க் கூடியிருப்பது 5 சதவீதம்தான். கணக்குப் போட்டே பார்க்கலாம். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பி.எஸ். வரும். 2,000 ஆர்பிஎம்மில் 75 ரக இன்ஜின் கொடுப்பது 54 பி.எஸ். அதே இடத்தில் 90 ரகம் கொடுப்பது 57. வித்தியாசம் மூன்றே மூன்று. விளம்பரத்தில் தெரிந்த அந்தப் பதினைந்து முழுதாக வெளிவருவது 4,000-ஐ நெருங்கும்போதுதான்.

இனி உங்கள் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். தாராவி 90 அடி சாலையிலிருந்து கிளம்பி சயான் வழியாக செம்பூர் போகிறீர்கள். முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். ஆர்பிஎம் முள் 1,000-க்கும் 2,000-க்கும் நடுவில்தான் ஆடும். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி மாட்டுங்காவுக்குள் நுழைகிறவருக்கும் அதே கதை. இந்த ஓட்டத்தில் 4,000 ஆர்பிஎம்மில் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. 1,500-இல் கால் வைத்தால் வண்டி நகர்கிறதா, அல்லது ஒரு நொடி யோசித்துவிட்டுப் பாய்கிறதா என்பதுதான் தினசரி வாழ்க்கை. அந்த ஒரு நொடித் தயக்கத்தை ‘டர்போ லேக்’ என்பார்கள். இந்த இன்ஜினின் எல்லா ரகங்களிலும் அது கொஞ்சம் உண்டு.

அது எங்கிருந்து வருகிறது? டர்போ என்பது சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சிறு விசிறி. அதன் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப டீசலும் கூடுதலாக எரியலாம், பவர் கூடும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு, விசிறிக்கு வேகம் பிடிக்காது. 75 ரகத்தில் இருப்பது நிலையான டர்போ. விசிறிக்குப் புகை வரும் வழியின் அளவு மாறாது. 90 ரகத்தில் அந்த விசிறியைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள் உண்டு. வேகம் குறைவாக இருக்கும்போது அவை வழியைச் சுருக்கும், வேகம் கூடும்போது அகலமாக்கும். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் பீய்ச்சுகிறதே, அந்த வேலையைத்தான் இதழ்கள் செய்கின்றன. இதை வி.ஜி.டி. என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

அப்படியானால் இதழ் உள்ள 90 ரகத்துக்குத்தானே லேக் குறைவாக இருக்க வேண்டும்? மாருதியில் அப்படித்தான்: 75-க்கு உச்ச டார்க் 2,000-இல், 90-க்கு 1,750-இல். புன்டோவில் இது தலைகீழ். அங்கே 76 பி.எஸ். ரகம் 197 நியூட்டன் மீட்டரை 1,750-இலேயே கொடுக்கிறது, 93 பி.எஸ். ரகம் 209-ஐ 2,000-இல்தான் கொடுக்கிறது. இன்ஜின் ஒன்றுதான், எதை முன்னே கொடுப்பது, எதைப் பின்னே கொடுப்பது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி முடிவு செய்திருக்கிறது. அதனால் “90 என்றாலே சிட்டியில் மந்தம்” என்பதும் பொதுவான உண்மை இல்லை, “90 என்றாலே சிட்டியிலும் சுலபம்” என்பதும் இல்லை. நீங்கள் பார்க்கிற மாடலின் டார்க் எண்ணையும், அது எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதையும் கேளுங்கள். பவர் எண்ணைவிட அந்த ஆர்பிஎம் எண்தான் சயான் சிக்னலில் உங்களுக்கு உதவும்.

மற்ற கம்பெனிகளிலும் இதே பாடம் கிடைக்கிறது. ரெனோவின் 1,461 சிசி டீசல், நிஸான் மைக்ராவில் 64 பி.எஸ்., டஸ்டரில் 85 என்றும் 110 என்றும் இரண்டு ரகம். டஸ்டர் 85-க்கு 200 நியூட்டன் மீட்டர் 1,900-இல், 110-க்கு 248 நியூட்டன் மீட்டர் 2,250-இல். ஊருக்குள்ளே 85 ஓட்டச் சுலபம் என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்வதற்கு இந்த 350 ஆர்பிஎம் வித்தியாசம் ஒரு காரணம். ஃபோக்ஸ்வாகன் போலோ வேறு வகை. அங்கே 75 பி.எஸ். என்பது மூன்று சிலிண்டர் 1.2 லிட்டர், 180 நியூட்டன் மீட்டர். 2014-இல் வந்த 90 பி.எஸ். என்பது நான்கு சிலிண்டர் 1.5 லிட்டர், 1,500 ஆர்பிஎம்மிலேயே 230. இது வேறு இன்ஜினே. போலோவில் மட்டும் நான் தயங்காமல் பெரியதைச் சொல்வேன். ஹோண்டா அமேஸில் 2018-க்குப் பிறகான டீசல், மேனுவல் கியரில் 100 பி.எஸ்., 200 நியூட்டன் மீட்டர். அதே இன்ஜின் சிவிடி ஆட்டோமேட்டிக்கில் 80 பி.எஸ்., 160 நியூட்டன் மீட்டர்தான். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று அமேஸ் பார்க்கிறவர்கள் 100 என்று கேள்விப்பட்டதை நம்பிப் போகக் கூடாது.

சரி, ஊருக்குப் போகும்போது? இதுதான் நம்மவர்கள் 90 பக்கம் சாய்வதற்குப் பெரிய காரணம். தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற பல குடும்பங்களுக்கு மே மாதம் என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூரு, ஓசூர், சேலம், மதுரை என்று சுமார் 1,600 கிலோமீட்டர். போகும்போது கண்டாலா மலை, புனேயைத் தாண்டினால் காம்பட்கி மலைப்பாதை, திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றம். ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, ஏசி. “75 இழுக்குமா?” என்ற பயம் நியாயமானதுதான். அதனால் அதையும் கணக்காகவே பார்ப்போம்.

கார் 1,100 கிலோ, ஆட்களும் சாமானும் 400 கிலோ, மொத்தம் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் போனால் ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். அந்தச் சுமையை மேலே தூக்க மட்டும் 20 பி.எஸ். வேண்டும். டயர் உருள்வதற்கு நான்கு, காற்றைக் கிழிக்க மூன்று. ஆக 27. கியர்பாக்ஸில் வீணாவது, ஏசி கம்ப்ரஸர் தின்பது எல்லாம் சேர்த்தாலும் 35-க்குள் அடங்கிவிடும். 75 ரக இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மிலேயே 54 கொடுக்கிறது என்று மேலே பார்த்தோம். ஆகவே கண்டாலாவில் மூச்சு வாங்குகிற ஸ்விஃப்டைப் பார்த்தால், அது 75 என்பதால் அல்ல. ஒன்று ஓட்டுகிறவர் நான்காம் கியரிலேயே விட்டுவிட்டு 1,400 ஆர்பிஎம்மில் ஏற்றப் பார்க்கிறார், அல்லது டர்போவோ கிளட்ச்சோ களைத்துவிட்டது. சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போவதற்கும் ஏறக்குறைய 30 பி.எஸ். போதும்.

பெரிய எண் உண்மையில் வேலை செய்யும் இடம் ஓவர்டேக். சீராகப் போக 30 தேவை என்றால், 75 ரகத்தில் மிச்சம் 45, 90 ரகத்தில் மிச்சம் 60. வேகத்தைக் கூட்டுவது இந்த மிச்சம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்பது பெரிய விஷயம். முன்னால் போகும் கண்டெய்னர் லாரியைத் தாண்ட எடுக்கும் நேரம் அதற்கேற்ப நன்றாகக் குறையும். உள் மாவட்டத்தின் இருவழிச் சாலையில் எதிரே பஸ் வரும்போது அந்தச் சில நொடிகள் உயிர் காக்கும். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த 60 கையில் வர வேண்டுமென்றால் மூன்றாம் கியருக்கு இறக்கி, இன்ஜினை 3,000-க்கு மேல் ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஐந்தாம் கியரிலேயே மிதித்துக்கொண்டு காத்திருப்பவருக்கு 75-க்கும் 90-க்கும் பெரிய வித்தியாசம் தெரியவே தெரியாது. வீட்டில் யார் ஓட்டப் போகிறார்கள், அவருக்குக் கியர் இறக்கும் பழக்கம் உண்டா என்பதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். அக்காலத்து ஸ்விஃப்ட் டீசல் 1,100 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, புன்டோ டீசல் 1,200-ஐ ஒட்டி. புன்டோவில் 76 வாங்குகிறவருக்கு, ஸ்விஃப்டில் 75 வாங்குகிறவரைவிட எப்போதும் ஒன்றரை ஆள் கூடுதலாக ஏறியிருக்கிற மாதிரி. 2018 ஸ்விஃப்ட் ஆயிரம் கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. அந்த மாடலில் 75 என்பது பழைய 90 ரகக் கார்கள் பலவற்றுக்கு ஈடாகவே ஓடும்.

இதுவரை சொன்னது எல்லாம் புதிதாக ஷோரூமை விட்டு வந்த நாளின் எண்கள். நீங்கள் வாங்கப் போவது எட்டு, பத்து வருடம் மும்பையில் ஓடிய வண்டி. இங்கேதான் என் கவலை.

வி.ஜி.டி. டர்போவின் இதழ்கள் புகைக் கரியிலேயே வாழ்கின்றன. நீண்ட சாலையில் நல்ல வேகத்தில் ஓடும் வண்டியில் அந்தப் பகுதி சூடேறி, இதழ்கள் முழுவீச்சில் அசைந்து, கரி ஓரளவு விலகும். தினமும் மாட்டுங்காவிலிருந்து அந்தேரி வரை ஊர்ந்தே போய் வந்த வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கே அரிதாகத்தான் வரும். கரி இதழ்களின் அடியில் கெட்டியாகப் படியும். ஒருநாள் இதழ்கள் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். அப்போது அழுத்தம் தேவைக்கு மேலே போனாலும் கீழே போனாலும் கம்ப்யூட்டர் தன் பாதுகாப்புக்காகப் பவரைக் குறைத்துவிடும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், 90 பி.எஸ். வண்டி 75-ஐவிட மோசமாக இழுக்கும். சுத்தம் செய்து சரிசெய்ய முடியாமல் டர்போவையே மாற்ற வேண்டி வந்தால் செலவு பல பத்தாயிரங்களைத் தொடும். நிலையான டர்போவில் இந்த இதழ்களே இல்லை, கெடுவதற்கு ஒரு பொருள் குறைவு. நெரிசலிலேயே காலம் கழித்த வண்டிக்கு 75 பாதுகாப்பு என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். அதே நெரிசலில், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வும் அடைத்துக்கொள்ளும், அது இரண்டு ரகத்துக்கும் பொது.

இந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஒழுங்காக ஆயில் மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். ஆயிலை இழுத்தடித்தால் செயின் தளர்ந்து, காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகள் கரகரவென்று சத்தம் வரும். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், “நாளைக்குக் காலையில வர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவை எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் சந்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏசி குளிர்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேளுங்கள். பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். லேசான ஆயில் ஈரம் பழைய டீசலில் சகஜம், கையில் வழிந்தால் டர்போவின் ஆயில் சீல் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு ஊருக்குள் மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில், முள் 1,500-க்குக் கீழே இருக்கும்போது மெதுவாக மிதியுங்கள். நல்ல வண்டி முதலில் தயங்கி, 1,800 வாக்கில் முதுகில் தள்ளுவது போலக் கிளம்பும். அந்தத் தள்ளல் வராமலே 2,500 வரை போனால் டர்போ அழுத்தம் குறைவு. சைரன் மாதிரி கூவினால் குழாய் கிழிந்திருக்கலாம், அல்லது விசிறி ஆடுகிறது.

அடுத்து நீளமான சாலை வேண்டும். செம்பூரிலிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவே அதற்கு மிகவும் ஏற்றது. 2013-இல் திறந்த, சிக்னலே இல்லாத பாதை. இரு சக்கர வண்டிகளும் இல்லை. அதில் ஏறும் ராம்ப்பில் நான்காம் கியரில் முழுசாக மிதியுங்கள். முள் விறுவிறுவென்று ஏறுகிறது, ஆனால் வண்டியின் வேகம் அதற்கேற்பக் கூடவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. மும்பையில் பாதி கிளட்ச்சிலேயே ஓட்டுவதால் இது அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் கோளாறு. டார்க் கூடின 90-இல் தேய்ந்த கிளட்ச் இன்னும் சீக்கிரம் நழுவும். மேலே போனதும், வேக வரம்புக்குள் இருந்தபடியே, மூன்றாம் கியரில் 3,500 வரை ஒரு தடவை கொண்டுபோங்கள். 90 என்று விற்கப்படும் வண்டி 3,000-க்கு மேல் சோர்ந்துபோனால், நீங்கள் கூடுதல் விலை கொடுக்கும் அந்தப் பதினைந்து பி.எஸ். அங்கே இல்லை. பின்கண்ணாடியில் பாருங்கள்: மிதித்தவுடன் கொஞ்சம் கறுப்பு வந்து மறைந்தால் பயமில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. கம்ப்யூட்டர் கேட்கும் டர்போ அழுத்தம் எவ்வளவு, உண்மையில் வருவது எவ்வளவு என்று இரண்டு எண்ணும் திரையில் தெரியும். இரண்டும் ஒட்டி நடந்தால் டர்போவின் இதழ்கள் சரியாக அசைகின்றன என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பின்னால் ஒட்டியிருக்கும் 90 என்ற எழுத்தைவிட இது நம்பத்தக்க சான்று. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சர்வீஸ் புக்கில் மாடல் பெயரும் சேஸி எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சில 75 வண்டிகளில் கம்ப்யூட்டர் புரோகிராமை வெளியே மாற்றிப் பவரை ஏற்றியிருப்பார்கள். விற்கிறவர் அதைப் பெருமையாகவே சொல்லலாம். நான் அதை வாங்க மாட்டேன். நிலையான சின்ன டர்போவை அதன் எல்லைக்கு மேல் சுழற்றி, 190 நியூட்டன் மீட்டருக்கென்று போட்ட கிளட்ச்சில் அதைவிட அதிகம் ஏற்றி ஓட்டிய வண்டி அது.

மும்பை வண்டிக்கே உரிய இன்னொரு விஷயம் தண்ணீர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், ஹிந்த்மாதா, சயான் பகுதிகளில் முழங்காலளவு நிற்கும். டீசல் இன்ஜின் காற்றை மிக அதிகமாக அழுத்துகிறது. காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போனால் அது அழுந்தாது, கனெக்டிங் ராட் வளையும். அப்படி வளைந்து, பிறகு ஓரளவு தேற்றி விற்கப்படும் வண்டியில் 75, 90 என்ற பேச்சுக்கே இடமில்லை. சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. முன்சீட்டின் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மண், ஹெட்லைட்டுக்குள் ஆவி ஆகியவற்றையும் தேடுங்கள்.

காகிதச் செலவில் இரண்டு ரகத்துக்கும் பேதம் இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் சிசியை வைத்துத்தான், பவரை வைத்தல்ல; 1,000-க்கு மேல் 1,500 சிசி வரை ஒரே கட்டணம். மைலேஜில் சொற்ப வித்தியாசம்தான், அதையும் உங்கள் கால் தீர்மானிக்கும்.

அப்படியானால் யாருக்கு எது? வாரம் முழுக்க ஊருக்குள்ளேயே ஓட்டி, வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் ஊர் போகிற குடும்பம் என்றால், நன்றாகப் பராமரித்த ஒரு கை மாறிய 75 ஸ்விஃப்டோ டிசையரோ வாங்குங்கள் என்பேன். 90-க்குக் கொடுக்க வைத்திருந்த கூடுதல் பணத்தில் புதுக் கிளட்ச்சும் நான்கு டயரும் போட்டுவிட்டால், அந்த 75 நீங்கள் பயந்த எந்த மலையையும் ஏறும். மாதம் இரண்டு தடவையாவது புனே, கோலாப்பூர், நாசிக் என்று போகிறவர், எப்போதும் நிறைய ஆளோடு போகிறவர், கியர் இறக்கி ஓட்டத் தெரிந்தவர் என்றால் 90 அவருக்குச் சரி. அவர் ஓட்டும் விதமே அந்த டர்போ கரி பிடிக்காமல் இருக்கவும் உதவும். ஜெஸ்ட் 90, பிரெஸ்ஸா இரண்டும் அவர் பார்க்க வேண்டியவை. புன்டோ 93 ஓட்ட அருமையான கார், ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது. அதை நன்கு அறிந்த மெக்கானிக் கைவசம் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

ஊரைத் தாண்டவே போவதில்லை, செம்பூர் முதல் பாந்த்ரா-குர்லா வளாகம் வரைதான் ஓட்டம் என்றால், டீசலே வேண்டாம் என்பது என் கருத்து. நெரிசலில் டீசலின் சிக்கனம் சுருங்கிவிடும். மகாநகர் கேஸின் சி.என்.ஜி. நிலையங்கள் நகரம் முழுக்க இருக்கின்றன. சட்டத்தின் போக்கும் டீசலுக்கு உறுதியானதாக இல்லை. டெல்லிப் பகுதியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஆதரித்தது. மும்பையில் அப்படி விதி இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் காற்று மாசு வழக்கில், பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக விலக்குவதைப் பற்றி ஆராயச் சொன்னது. மாநில அரசும் அதற்காகக் குழு அமைத்தது. சொந்த காரின் பதிவு பதினைந்து வருடத்துக்குத்தான். அதன் பிறகு தகுதிச் சோதனை, பசுமை வரி கட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2013 வண்டியை வாங்குகிறவர் 2028-ஐ மனதில் வைத்து விலை பேச வேண்டும்.

விலை முடிந்ததும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் படிவம் 29, 30 இரண்டிலும் விற்கிறவரின் கையெழுத்தை வாங்குங்கள். வண்டி மேல் கடன் இருந்திருந்தால் பேங்கின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். எம்.எச்.-03 என்று தொடங்கும் வண்டியானால் வடாலா ஆர்.டி.ஓ. வண்டியை ஊரிலேயே அப்பாவிடம் விட்டுவரும் எண்ணம் இருந்தால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு இங்கே படிவம் 28-இல் தடையின்மைச் சான்று எடுத்து, தமிழ்நாட்டில் சாலை வரி கட்டி, பிறகு மகாராஷ்டிராவில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வரி கட்டிய பழைய ரசீதை விற்கிறவரிடம் அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.